மேஜரின் காலுறையில் ஒரு கத்தி

7

பெக்கி மன்ரோவைத் திருடி என்று சொல்ல லஸ்க்குக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், விடுதி நிறையக் கூட்டம். சுவரில் இருந்த கண்ணாடிப் பெட்டி காலியாகக் கிடந்ததைப் பார்த்தார். அதன் சாவி தொங்குகிற ஆணியைப் பார்த்தார். பெக்கியைப் பார்த்தார். சொல்லிவிட்டார். அர்டவோக் கிராமத்தின் ‘கலைமான்’ விடுதியில் இருபத்திரண்டு வருஷமாகப் பியர் ஊற்றி, தரை துடைத்து, குடித்துவிட்டு விழுந்தவர்களை அவரவர் வீட்டு வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள். லஸ்க்கோ அந்த விடுதியை வாங்கிய கம்பெனியின் மேலாளர். ஊருக்கு வந்து ஒன்பதே மாதம். ஒன்பது மாதத்தில் ஒரு மனிதர் எத்தனை பேருடைய வெறுப்பைச் சம்பாதிக்கலாம் என்று யாராவது போட்டி வைத்தால் கோப்பையை அவர் வீட்டுக்கே அனுப்பிவிடலாம்.

கெடு திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணி. அதற்குள் பெட்டியில் இருந்த கத்தி திரும்பி வராவிட்டால் போலீஸ் வரும், வேலை போகும், விடுதியின் மாடியில் பெக்கி குடியிருக்கிற அறையும் போகும்.

இப்போது திங்கட்கிழமை காலை மணி பத்து. திறக்காத விடுதியின் ஜன்னலோர மேஜையில் ஊனா கில்லண்டர்ஸ் உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷம் ஃபோர்ட் வில்லியமில், ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டுகிற கட்டம்போட்ட பாவாடையான கில்ட் தைத்தவள். அறுபது மைல் சுற்றளவில் இருக்கிற அத்தனை ஆண்களின் இடுப்பளவும் அவளுக்கு மனப்பாடம். ஆண்கள் இரண்டே விஷயத்தில்தான் கூசாமல் பொய் சொல்வார்கள், ஒன்று இடுப்பளவு, இன்னொன்று யுத்தம் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. துப்பறிகிற வேலைக்கு வந்தபிறகு அந்த ஒரு கண்டுபிடிப்பை வைத்தே பாதி வழக்குகளை முடித்திருக்கிறாள்.

எதிரே அவளுடைய உதவியாளன் டார்க்கில் பெக். நாற்பத்துநாலு வயது. முன்பு ஊர் ஊராக மீன் வண்டி ஓட்டியவன். வண்டியை விற்றுவிட்டுக் கார் வாங்கியும் மீன் வாடை அவனை விடவில்லை.

“அந்தக் கத்தியக் குடுன்னு லஸ்க்கிட்ட மூணு தடவ கேட்டேன், ஊனா,” என்றாள் பெக்கி. “எங்க சித்தப்பா ஐவரோட கத்தி அது. சண்டைக் காலத்துல பக்கத்துப் பள்ளத்தாக்குலதான் கமாண்டோப் பயிற்சி. நார்வேக்குப் போனவர் வரல, கத்திதான் வந்துச்சு. விடுதி எங்கப்பா கையில இருந்தப்ப அவர்தான் சுவத்துல மாட்டினார். சுவரை வாங்கிட்டோம், சுவத்துல இருக்கறதும் எங்களுதுங்கறான் லஸ்க். கேட்டுக் கெடைக்காதவ எடுத்திருப்பாங்கறது அவன் புத்தி.”

“எடுத்தியா?” என்றாள் ஊனா.

“எடுத்திருந்தா கண்ணாடிய ஒடச்சு, அவன் கண்ணெதிர்ல எடுத்திருப்பேன்.”

ஊனா தலையசைத்தாள். அவளுக்கு அது போதும்.

கத்தி போனது சனிக்கிழமை. அன்று எதிர்ச் சாரியில் இருக்கும் ஊர் மண்டபத்தில் மக்வாரிஷ் வீட்டுக் கல்யாணம். ஊரே மண்டபத்தில் இருந்தது. தட்டு எடுக்கவும் கிளாஸ் எடுக்கவும் பெக்கிதான் தெருவைக் கடந்து போவதும் வருவதுமாக இருந்தாள். அதனால் விடுதி பூட்டாமல் கிடந்தது. யார் வேண்டுமானாலும் நுழைந்திருக்கலாம்.

மணப்பெண்ணின் அம்மா கிர்ஸ்டி அனுப்பியிருந்த கல்யாணப் படங்களை டார்க்கில் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தான்.

“மேடம், இதுல மணப்பொண்ணைவிட மேஜர்தான் அதிகமா இருக்கார். யார் யாரைக் கட்டிக்கிட்டாங்கன்னே சந்தேகமா இருக்கு.”

மேஜர் ஆர்ச்சி டால்கார்னோ. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏரிக்கரைப் பங்களாவுக்குக் குடிவந்தவர். கமாண்டோவாக இருந்தாராம். எந்த யுத்தம் என்று கேட்டால் ரகசியமாம். எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்று கேட்டால் மட்டும் ரகசியம் கிடையாது, அது கிளாஸுக்குக் கிளாஸ் ஏறும். வெள்ளிப் பொத்தான் கோட்டு, மார்பில் மூன்று பதக்கம், கில்ட். வலது காலுறையின் மேல்விளிம்புக்கு வெளியே பித்தளைக் குமிழோடு தலை நீட்டுகிற கமாண்டோக் கத்தியின் கைப்பிடி. ஊரில் மற்ற ஆண்களும் காலுறையில் கத்தி செருகுகிறவர்கள்தான். ஆனால் அது உள்ளங்கை நீளக் கத்தி. ஆப்பிள் நறுக்கலாம், கயிறு அறுக்கலாம், மீறிப்போனால் பல் குத்தலாம். ஆள் கொல்கிற, இரண்டு பக்கமும் கூரான போர்க்கத்தியைக் கல்யாணத்துக்குக் காலுறையில் செருகிக்கொண்டு வருகிற ஒரே பிரகிருதி மேஜர்தான். நிஜமாகவே சண்டைக்குப் போய்வந்த கிழவர்கள் இந்த ஊரில் நாலைந்து பேர் உண்டு. அவர்கள் வீட்டில் இப்படிக் கத்தி இருந்தால் அது பரணில் கிடக்கும். அதைப் பற்றி அவர்கள் வாயே திறப்பதில்லை.

“மூணு மணிப் படத்தைக் காட்டு,” என்றாள் ஊனா.

மேஜர் மண்டியிட்டு, பூக்கூடை வைத்திருந்த குழந்தையைத் தன் தொடைமேல் உட்காரவைத்திருந்தார்.

“நாலரை.”

எட்டுப் பேர் ஆட்டத்தில் மேஜர் துள்ளிக்கொண்டிருந்தார். கில்ட் பறந்த உயரத்தைப் பார்த்து டார்க்கில் கண்ணை மூடிக்கொண்டான்.

“ஆறு மணி.”

மேஜர் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். யாருடையதோ கைத்தடியை ஊன்றியிருந்தார். முகம் புளித்த மோர் குடித்ததுபோல் இருந்தது. ஆறேகால் படத்திலும் நின்றார். ஆறரையிலும் நின்றார். ஏழு மணிக்குக் கேக் வெட்டும்போது மேஜைவரை நொண்டிப் போனதை யாரோ வீடியோவே எடுத்திருந்தார்கள்.

“பழைய குண்டுக் காயமாம்,” என்றாள் பெக்கி. “கிர்ஸ்டி ஓடிப்போய் மெத்தை நாற்காலி போட்டா. உக்கார மாட்டேன்னுட்டார். வீரன் வலியை நின்னுக்கிட்டேதான் தாங்குவானாம். பாதிப் பொம்பளைங்க அழுதுட்டாங்க.”

“ஒம்பது மணி?”

டார்க்கில் தள்ளினான். மேஜர் மறுபடி ஆடிக்கொண்டிருந்தார். இந்த முறை ஒற்றைக் காலில்.

“அடேயப்பா, மூணு மணி நேரத்துல ஆறிப்போற குண்டுக் காயம்,” என்றான் டார்க்கில். “எந்த டாக்டர்னு கேக்கணும் மேடம். என் முழங்கால் ரெண்டு வருஷமா வலிக்குது.”

ஊனா எழுந்து அடுக்களைக்குள் போனாள். கஞ்சி கிண்டுகிற மரக்கோலோடு திரும்பி வந்தாள். கிட்டத்தட்ட ஒரு அடி நீளம். அதை டார்க்கிலிடம் நீட்டினாள்.

“பூட்ஸைக் கழட்டு. இதைக் காலுறைக்குள்ள சொருகு. நுனி மட்டும் வெளிய தெரியணும், மேஜருக்குத் தெரியற மாதிரி.”

“மேடம், என் காலுறைக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு.”

“அதை நான் துவைச்சுத் தரேன். சொருகுடா.”

டார்க்கில் முழங்கால்வரை இழுத்துவிட்ட கம்பளிக் காலுறைக்குள் கோலை இறக்கினான். நுனி மட்டும் வெளியே தெரிகிறமாதிரி இறக்கினால் அடி போய்க் கணுக்கால் எலும்பில் இடித்தது. எலும்பில் இடிக்காமல் உயர்த்தினால் பாதிக் கோல் முழங்காலைத் தாண்டி முளைத்து நின்றது. இரண்டடி நடந்தான். நொண்டினான்.

“இப்ப உக்காரு.”

உட்கார்ந்தான். அலறிக்கொண்டு எழுந்தான். பெக்கி இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

“கமாண்டோக் கத்தியும் இதே நீளம்தான்,” என்றாள் ஊனா. “அதைக் காலுறையில வெச்சுக்கிட்டு எவனும் மண்டி போட முடியாது, ஆட முடியாது. மூணு மணிக்கு மண்டி போட்டார், நாலரைக்கு ஆடினார். அப்ப அந்தக் காலுறைக்குள்ள என்ன இருந்திருக்கும்?”

டார்க்கில் கணுக்காலைத் தடவுவதை நிறுத்தினான். “கைப்பிடி.”

“வெறும் கைப்பிடி. மூணு வருஷமா இந்த ஊரே வாயப் பொளந்து பாத்தது ஒரு மொண்ணைக் கைப்பிடிய. நாலரைக்கும் ஆறுக்கும் நடுவுல அவருக்கு நெஜக் கத்தி தேவைப்பட்டிருக்கு. அஞ்சு மணிக்கு என்ன நடந்துச்சு, பெக்கி?”

பெக்கி யோசித்தாள். பிறகு அவள் முகம் மாறியது.

“பொண்ணோட அப்பா எழுந்து பேசினார். எல்லாருக்கும் ஒரு ஆச்சரியம் வெச்சிருக்கேன்னார். வாடகைக் கத்தியெல்லாம் வேணாம், ஏழு மணிக்கு நம்ம மேஜரே தன்னோட கமாண்டோக் கத்தியால கேக்கை வெட்டித் தொடங்கி வைப்பார்னு சொன்னார். ஒரே கைத்தட்டு. மேஜருக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சு. காத்து வாங்கிட்டு வரேன்னு வெளிய போனார்.”

மூன்று பேரும் சுவரில் இருந்த காலிப் பெட்டியைப் பார்த்தார்கள். டார்க்கிலுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கேக்குக்கு முன்னால் மானம் போய்விடுமே என்று ஒருத்தியின் சோற்றில் கைவைத்திருக்கிறான் இந்த ஆள். போருக்குப் போய்த் திரும்பாத ஒரு பையனின் கத்தியை எடுத்துச் சர்க்கரைப் பூவை வெட்டியிருக்கிறான். வெட்டிவிட்டு ஒற்றைக் காலில் வேறு ஆடியிருக்கிறான்.

“வெட்டினப்ப நீ பாக்கலையா, பெக்கி அக்கா?”

“நான் மண்டபத்து அடுக்களையில பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். அப்புறமா அவரே உள்ள வந்தார். கேக்கோட மேலடுக்கைத் தானே பெட்டியில வெச்சு, ரிப்பன்லாம் கட்டி, கிர்ஸ்டி கையில குடுத்துட்டுப் போனார். பரவால்ல, இதுக்காவது ஒதவறாரேன்னு நெனச்சேன்.”

“கெளம்பு,” என்றாள் ஊனா. “நாற்காலியில உக்கார வெச்சுப் பாக்கலாம் அவரை.”

“இந்தக் கோலைக் கழட்டிக்கலாமா மேடம்?”

*

பங்களாவின் கூடத்தில் மேஜர் திங்கட்கிழமை காலையிலும் கில்ட் கட்டியிருந்தார். சுவர் முழுக்க மான்தலைகள். ஒன்றுகூட அவர் சுட்டதில்லை என்பது டார்க்கிலுக்குத் தெரியும். ஏலத்தில் வாங்கியதை ஏற்றிக்கொண்டு வந்ததே அவனுடைய மீன் வண்டிதான்.

“உக்காருங்க, உக்காருங்க,” என்றபடி மேஜர் மிகத் தாழ்வான தோல் நாற்காலியில் சொகுசாகச் சாய்ந்து கால்மேல் கால் போட்டார். வலது காலுறையின் மேலே பித்தளைக் குமிழ் பளபளத்தது. கீழே, கணுக்கால் பக்கம், கம்பளிக்குள் ஒரு கட்டு புடைத்துத் தெரிந்தது.

“கால் தேவலையா மேஜர்?” என்றாள் ஊனா.

“பழைய காயம். மழைக்கு முன்னாடி பேசும்.”

“சனிக்கிழமை நல்ல வெயிலாச்சே சார்,” என்றான் டார்க்கில்.

மேஜர் அவனை நாற்காலிக் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “இந்த ஆள் யாரு?”

“என் உதவியாளர். உங்க கத்தியைப் பாக்க ஆசப்படறார். ஒரு தடவ உருவிக் காட்டுங்களேன்.”

“அம்மணி, கமாண்டோ கத்தியை உருவினா ரத்தம் பாக்காம உள்ள போகாது.”

“சனிக்கிழமை உருவினீங்களே. கிரீமைப் பாத்ததும் திருப்திப்பட்டு உள்ள போயிடுச்சா?”

மேஜரின் மீசை ஒருமுறை துடித்தது. டார்க்கில் பூட்ஸ் கயிற்றைக் கட்டுகிற சாக்கில் குனிந்தான். நிமிரும்போது அவன் கையில் கைப்பிடி இருந்தது. செடியிலிருந்து வாடிய இலை வருவதுபோல அவ்வளவு லேசாக வந்தது. பித்தளைக் குமிழ், வரிவரியான பிடி, குறுக்குச் சட்டம். அதற்குக் கீழே கத்தி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு விஸ்கி பாட்டிலின் கார்க்.

“நாட்டைக் காப்பாத்தின கார்க்கு,” என்றான் டார்க்கில் பயபக்தியோடு.

மேஜருக்குக் கழுத்திலிருந்து உச்சந்தலைவரை சிவப்பு ஏறியது. மாட்டினான் என்று டார்க்கில் நினைத்தான். ஆனால் சிவப்பு வந்த வழியே இறங்கிவிட்டது. மேஜர் மறுபடி சாய்ந்துகொண்டார். மெதுவாகச் சிரிக்கவும் செய்தார்.

“சரி, கைப்பிடிதான். கைப்பிடி வெச்சுக்கறது குத்தமா? என் கத்தியோட அலகைச் சாணை பிடிக்க எடின்பரோவுக்கு அனுப்பியிருக்கேன். விடுதிக் கத்தியைத் தேடித்தானே வந்திருக்கீங்க? தேடுங்க. மாடி, கீழ, கழிப்பறை, கோழிக் கூண்டு, எங்க வேணாலும் தேடுங்க. கெடைச்சா நான் கைய நீட்டறேன், வெலங்கு மாட்டுங்க.”

அந்தத் தெம்பிலேயே கத்தி பங்களாவில் இல்லை என்பது டார்க்கிலுக்குப் புரிந்துவிட்டது.

“பன்னெண்டு மணிக்குப் பெக்கிக்கு வீடு போயிடும், மேஜர்,” என்றாள் ஊனா. குரலை உயர்த்தவே இல்லை.

“அதுக்கு நான் என்ன பண்ண? வேலைக்காரிதானே. வேற எடத்துல தொடைப்பா. ஒலகத்துல தொடைக்கறதுக்குத் தரையா இல்ல?”

ஊனா எழுந்தாள். இவருக்கு ஒருமுறை கில்ட் தைத்தபோது மூன்று அங்குலம் குறைத்துச் சொன்ன இடுப்பை அவள் நிதானமாக ஒரு பார்வை பார்த்தாள்.

“பன்னெண்டு மணிக்கு விடுதிக்கு வருவீங்கல்ல?”

“என் விஸ்கி நேரம் அது. யாருக்காகவும் மாத்தறதில்ல,” என்றார் மேஜர்.

*

காரில் ஏறியதும் டார்க்கில் கதவை அறைந்து சாத்தினான். மணி பதினொன்று ஐந்து.

“துப்புக்கெட்ட பய. அவன் சொன்னது நெசம்தான் மேடம். கத்தி இல்லாம நம்ம கையில ஒண்ணும் இல்ல. ஏரியில வீசியிருப்பான்.”

“எப்ப வீசினார்?”

“நடுவுல எப்பவாவது.”

“ஏழு மணிக்குக் கேக் வெட்டும்போது நொண்டறார். ஒம்பதுக்கு ஆடறார். அந்த ரெண்டு மணி நேரத்துல அவர் மண்டபத்தை விட்டு வெளிய போகல. எல்லாப் படத்துலயும் இருக்கார், நீயேதான் சொன்ன. திருப்பி வைக்கலாம்னு பாத்தா விடுதிக்கு ஜனம் வந்துடுச்சு. கத்தியோ கணுக்காலைக் குத்திக் கிழிக்குது. அந்தக் கட்டைப் பாத்தல்ல? வெறும் கைக்குட்டையைச் சுத்தி உள்ள விட்டிருக்கார், சுவத்துக் கத்திக்கு ஏது உறை? ஆக, மண்டபத்துக்குள்ளயே, யாரும் தெறக்காத எடமாப் பாத்து எறக்கி வெச்சாகணும்.”

“கல்யாண மண்டபத்துல யாரும் தெறக்காத எடம் ஏது? விஸ்கிப் பாட்டில்லேர்ந்து மொய்க் கவர்வரைக்கும்…” டார்க்கில் பாதியில் நிறுத்தினான். காரையும் நிறுத்தினான். பின்னால் வந்த செம்மறிக் கூட்டம் காரைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து போயிற்று. “மேலடுக்குக் கேக்கு!”

கல்யாணக் கேக்கின் மேலடுக்கை இந்த ஊரில் யாரும் தின்பதில்லை. முதல் குழந்தையின் ஞானஸ்நானம்வரை பெட்டியில் கட்டிப் பத்திரமாக வைப்பார்கள். முன்கூட்டித் திறந்தால் குழந்தைக்கு ஆகாது.

கிர்ஸ்டி மக்வாரிஷ் சரக்கறை வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றாள். பெட்டி அவளுக்குப் பின்னால், ஜாம் ஜாடிகளுக்கு நடுவே, நீல ரிப்பனோடு இருந்தது.

“உசுரே போனாலும் தெறக்க மாட்டேன், ஊனா. நேத்து மேஜரே ரெண்டு தரம் பூவோட வந்தார். கேக்கை ஒரே ஒரு தடவ பாக்கணும்னு கெஞ்சினார். அவருக்கே காட்டல.”

“ரெண்டு தரமா?” என்றாள் ஊனா. “எதுக்காம்?”

“ஞாபகத்துக்காம். என்ன நல்ல மனசு!”

“கார்க்கு மாதிரி மனசு,” என்றான் டார்க்கில்.

“தெறக்க வேணாம், கிர்ஸ்டி. கட்டின கட்டு கலையாம நீயே மடியில வெச்சுக்கிட்டு விடுதிக்கு வா. பெக்கிக்காக. அவ பொண்ணு கல்யாணத்துக்கு நீ பாத்திரம் கழுவலையே, உன் பொண்ணு கல்யாணத்துக்கு அவ கழுவினா.”

கிர்ஸ்டி ஊனாவை முறைத்தாள். பிறகு ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள்.

*

பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம். விடுதி நிறைந்திருந்தது. யாரும் குடிக்க வரவில்லை, முடிவு தெரிந்துகொள்ள வந்திருந்தார்கள். லஸ்க் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் கான்ஸ்டபிள், தன் தொப்பிக்குள் எதையோ தொலைத்ததுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து இறக்கிய பெக்கியின் பெட்டிகள் இரண்டு கதவோரம் இருந்தன. லஸ்க் அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. மேஜர் கவுன்ட்டரில் சாய்ந்து விஸ்கியை உருட்டிக்கொண்டிருந்தார்.

கிர்ஸ்டி குழந்தையைத் தூக்கிவருகிறமாதிரி கேக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நுழைந்தாள். மேஜரின் கையில் விஸ்கி உருளுவது நின்றது.

“கனமா இருக்கா, கிர்ஸ்டி?” என்றாள் ஊனா.

“இருக்காதா? உலர்ந்த பழம் மட்டுமே ரெண்டு கிலோ.”

“அதைவிடக் கனமா இருந்தா? உன் பேரக்குழந்தை கேக்குக்கு அடியில உறையில்லாத கொலைக் கத்தி ஒண்ணு படுத்திருந்தா, அது குழந்தைக்கு ஆகுமா?”

கடைசி வார்த்தை வாயிலிருந்து வருவதற்குள் கிர்ஸ்டி ரிப்பனைப் பல்லால் இழுத்துவிட்டாள். மூடி பறந்தது. வெள்ளைக் கேக்கு வெளியே வந்தது. அதைத் தாங்கிய வெள்ளித் தாள் ஒட்டிய பலகையைத் தூக்கினாள். பெட்டியின் அடியில் மூலைக்கு மூலை குறுக்காக, கறை படிந்த ஒரு கைக்குட்டையில் பாதி சுற்றியபடி, கருத்த கமாண்டோக் கத்தி கிடந்தது. குறுக்குச் சட்டத்தில் பாதாம் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

டார்க்கில் கைக்குட்டையை விரித்தான். ஓரத்தில் ‘ஆ. டா.’ என்று பட்டு நூலில் பின்னியிருந்தது.

“பேர் போட்டுத் திருடற ஆளை இப்பத்தான் பாக்கறேன்,” என்றான்.

மேஜர் தொண்டையைச் செருமினார். “நண்பர்களே, இது ஒரு சின்ன வேடிக்கை. திருப்பி வைக்கத்தான் இருந்தேன். ஒரு போர்வீரன்ங்கற முறையில…”

“எந்தப் போர்?” என்று யாரோ கேட்டார்கள். கேட்டவர் திரும்பக்கூட இல்லை.

மேஜர் சுற்றிப் பார்த்தார். முப்பது முதுகுகள் அவரைப் பார்த்தபடி இருந்தன. சனிக்கிழமை அவர் வலிக்காக அழுத பெண்களில் ஒருத்தி ஜன்னல் வழியாக மழையை வேடிக்கை பார்த்தாள். கிர்ஸ்டி மட்டும் நேராக வந்தாள். அவர் நேற்றுக் கொடுத்த பூங்கொத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று அவள் வருத்தப்படுவது முகத்தில் தெரிந்தது. அவர் கையில் இருந்த கிளாஸைப் பிடுங்கி, மிச்ச விஸ்கியைப் பாத்திரத் தொட்டியில் கொட்டிவிட்டுப் போனாள்.

“வாங்க, மிஸ்டர் டால்கார்னோ,” என்றார் கான்ஸ்டபிள். மேஜர் என்று சொல்லவில்லை. அவரும் திருத்தவில்லை. முதுகுகள் வழிவிட்டன.

கதவு மூடியதும் லஸ்க் கையைத் தேய்த்துக்கொண்டார்.

“ஆக, நல்லதாப் போச்சு. பெக்கி, பெட்டியெல்லாம் மேல கொண்டு போயிட்டு வந்து கடையைத் தெற. ஜனம் காத்துக்கிட்டு இருக்கு பாரு.”

பெக்கி அசையவில்லை. கேக்குப் பெட்டியிலிருந்து கத்தியை எடுத்தாள். பாதாம் மாவை நகத்தால் சுரண்டினாள். சட்டத்தின் அடியில் ஐவர் மன்ரோ கீறிய இரண்டு எழுத்துகள் தெரிந்தன. துணியால் துடைத்து, அதே துணியில் சுற்றி, தன் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். லஸ்க் வாயைத் திறந்தார். ஊனா அவருடைய இடுப்பை அளக்கிறமாதிரி பார்த்தாள். வாயை மூடிக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை இங்க நின்னு என்னைத் திருடின்னீங்க,” என்றாள் பெக்கி. “எல்லார் காதுலயும் விழற மாதிரி. இப்ப அதே மாதிரி சொல்லுங்க, இல்லைன்னு. அப்புறம் கடை தெறக்கறேன்.”

லஸ்க் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். “தவறு நடந்துபோச்சு. பெக்கி மன்ரோ மேல எந்தச் சந்தேகமும் இல்ல,” என்று தன் சட்டைப் பொத்தானிடம் சொன்னார்.

“முர்டோவுக்குக் கேட்டிருக்காது. அவருக்குக் காது மந்தம். அன்னிக்கு அவர் பக்கத்துல நின்னுதான் கத்தினீங்க. போய் அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க.”

கணப்பு ஓரத்தில் தொண்ணூறு வயது முர்டோ, காலி கிளாஸை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லஸ்க் அறையின் நீளம் முழுக்க நடந்தார். கிழவரின் காதருகே குனிந்தார்.

“பெக்கி மன்ரோ திருடி இல்ல!”

முர்டோ மெதுவாகத் தலையைத் திருப்பி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“இது என்ன பெரிய சேதியா? எனக்குத் தெரியாதா? அவளைத் திருடின்னு எந்தப் பய சொன்னான்?”

லஸ்க் திரும்பி பெக்கியைப் பார்த்தார். அவள் கவுன்ட்டருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“நான்தான்,” என்றார் லஸ்க்.

“என்னது?” என்றார் முர்டோ, காதுமடலைக் கையால் குவித்துக்கொண்டு. “சத்தமாச் சொல்லு.”